செவலையின் காலைப் பலகாரம்

காலை ஐந்தரைக்கு நான் அடுப்படிக்குள் நுழையும்போது செவலை எனக்கு முன்னாலேயே போய் கேஸ் சிலிண்டர் பக்கத்தில் படுத்திருக்கும். வாலை மட்டும் இரண்டு தட்டு தட்டும். எழுந்திருக்காது. தோசைக்கல் சூடாகி, கேழ்வரகு மாவு வாசம் வந்த பிறகுதான் எழுந்து வந்து என் காலோடு உரசிக்கொண்டு நிற்கும்.

மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவரையில் எனக்கு ஒரு காப்பி கூடப் போடத் தெரியாது. இப்போது ஒரு நாய்க்கு பிஸ்கட் சுட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். "எனக்கு ஒரு நாளாவது இப்படிச் செஞ்சு கொடுத்திருப்பீங்களா?" என்று என் மனைவி கேட்டாள். பதில் சொல்ல முடியாத கேள்வி. ஆனால் இந்த பிஸ்கட் சுடுவதற்குப் பின்னால் ஒரு தப்பு இருக்கிறது. அந்தத் தப்பு என்னுடையது. அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் ஊர்க்கதை சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் சாத்தூர்ப் பக்கம், கரிசல் காடு. சிப்பிப்பாறை எங்களுக்கு ரொம்ப தூரமில்லை. அந்த ஊர்ப் பெயரில் ஒரு நாய் வகையே இருக்கிறது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒட்டிய வயிறு, நீண்ட கால், கூர்மையான முகம். ஓட ஆரம்பித்தால் கண்ணுக்குச் சிக்காது. எங்கள் அப்பத்தா வீட்டில் எந்தக் காலத்திலும் அப்படி ஒன்றிரண்டு இருக்கும். அந்தக் காலத்தில் முயலுக்குப் போவார்கள். இப்போது அது சட்டப்படி குற்றம், யாரும் போகக்கூடாது.

அந்த நாய்களுக்குக் காலைச் சாப்பாடு கம்மங்கூழ். முதல் நாள் சாயந்திரம் கம்பை இடித்துப் புடைத்து, பானையில் காய்ச்சி வைத்துவிடுவாள். விடிந்ததும் அதில் ஒரு அகப்பை எடுத்து, மோர் ஊற்றிக் கரைத்து, வாசலில் கிடந்த குழிக்கல்லில் ஊற்றுவாள். சூடாக எதையும் ஊற்ற விடமாட்டாள். "சூடு பட்டா மோப்பம் போயிரும்டா" என்பாள். நாய்கள் நக்கி முடித்த பிறகு, அதே பானையிலிருந்து தனக்கு ஊற்றிக்கொண்டு, நாலு சின்ன வெங்காயத்தை உரித்துக் கடித்துக்கொண்டு குடிப்பாள். இந்த வெங்காயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

செவலை எங்கள் வீட்டுக்கு வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். பெங்களூரில் என் மகள் வளர்த்த நாய். அவளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்ததும் மதுரைக்குக் கொண்டுவந்து எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். கூடவே இருபது கிலோ மூட்டை ஒன்று, நாய்க்கென்று செய்த உருண்டைத் தீனி. "அப்பா, இதைத் தவிர வேற எதுவும் கொடுக்காதீங்க. நம்ம சாப்பாடு அதுக்கு ஒத்துக்காது" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "உங்க பாட்டி வீட்டு நாயெல்லாம் மூட்டை பிரிச்சா சாப்பிட்டுச்சு?" என்றேன். அவள் விமானம் ஏறின மறுநாளே மூட்டையைப் பரணில் ஏற்றிவிட்டேன். செவலைக்குக் காலையில் நாங்கள் சாப்பிடுவதே சாப்பாடு: நாலு இட்லி, மேலே சாம்பார். அது நக்கித் தின்கிற அழகைப் பார்த்து, நான்தான் ஜெயித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் வீட்டில் ஒரு விசேஷம். முழுச் சின்ன வெங்காயம் போட்டு வைத்த சாம்பார் அரை அண்டா மிஞ்சிவிட்டது. குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாள் செவலைக்கு ஊற்றினோம். ஐந்தாம் நாள் அது எழுந்திருக்கவில்லை. ஈறு வெள்ளைத்தாள் மாதிரி வெளிறிப்போயிருந்தது. மூத்திரம் காப்பி டிக்காஷன் நிறம். ஆட்டோவில் மடியில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

மருத்துவர் சின்ன வயசுப் பெண். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "என்ன சார் சாப்பாடு கொடுக்குறீங்க?" என்று கேட்டார்.

"நாங்க சாப்பிடுறதுதான் டாக்டர். இட்லி, சாம்பார்."

"சாம்பார்ல வெங்காயம் போடுவீங்களா?"

வெங்காயம் போடாத சாம்பார் எங்கே இருக்கிறது! அவர் பொறுமையாகச் சொன்னார். வெங்காயம், பூண்டு இரண்டிலும் உள்ள ஒரு பொருள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பச்சையாக இருந்தாலும் வேகவைத்தாலும் அது போகாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் கொடுத்தாலும் கெடுதல், ஒரேயடியாக நிறையக் கொடுத்தாலும் கெடுதல். நாங்கள் இரண்டையும் செய்திருக்கிறோம்.

மூன்று வாரம் ஆனது அது தேறி வர. அந்த மூன்று வாரமும் எனக்கு ராத்திரித் தூக்கமில்லை. மகளிடம் போனில் சொன்னபோது அவள் திட்டவில்லை. சும்மா இருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. தூக்கம் வராத ராத்திரிகளில், நாய்க்கு மனிதர்கள் என்னென்ன கொடுத்து வந்திருக்கிறார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன். வீட்டுச் சாப்பாடா, மூட்டைத் தீனியா என்று எனக்கும் மகளுக்கும் நடந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று பார்க்க வேண்டியிருந்தது. படித்ததில் ருசியாக இருந்ததை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில் கண்ணில் பட்டவர் கொலுமெல்லா என்கிற ரோமாபுரிக்காரர். கி.பி. முதல் நூற்றாண்டு. ஸ்பெயின் தேசத்துக் காதிஸ் நகரத்தில் பிறந்து, இத்தாலியில் நிலபுலம் வைத்து விவசாயம் பார்த்தவர். பயிர்த்தொழில் பற்றிப் பன்னிரண்டு பாகமாக எழுதியிருக்கிறார். அதில் ஏழாவது பாகத்தில் நாய் வருகிறது. ஆடுமாடு உள்ள பண்ணை என்றால் நாய்க்கு வாற்கோதுமை மாவைப் பாலிலிருந்து பிரிந்த தெளிநீரில் கரைத்துக் கொடு என்கிறார். மந்தை இல்லாத திராட்சைத் தோட்டம் என்றால் கோதுமை ரொட்டியை அவரை வகைப் பயறு வேகவைத்த நீரில் ஊறவைத்துக் கொடு, ஆனால் வெதுவெதுப்பாகத்தான் இருக்க வேண்டும், கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தால் வெறி பிடித்துவிடும் என்கிறார். வெறிநோய்க்குக் காரணம் சூடு இல்லை என்று நமக்கு இப்போது தெரியும். ஆனாலும் இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கம்புக்குப் பதில் வாற்கோதுமை, மோருக்குப் பதில் தெளிநீர். எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் அப்பத்தா செய்த அதே காரியம், அதே சூட்டுக் கணக்கு!

நாய்க்குப் பெயர் ரொம்ப நீளமாக வைக்காதே, இரண்டு அசைக்குக் குறையவும் வைக்காதே என்றும் அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். நம் ஊர் மணிகளை எல்லாம் பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அதற்குப் பிறகு பதினாலாம் நூற்றாண்டில், பிரான்சின் தெற்கே காஸ்தோன் ஃபேபூஸ் என்றொரு பிரபு. 1387-ல் வேட்டையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதத் தொடங்கினார். சுகமில்லாத நாய்க்கு ஆட்டுப்பால் கொடுப்பது வரைக்கும் அதில் விவரமாக இருக்கிறது. பெரிய இடத்து நாய்க்குப் பெரிய இடத்துக் கவனிப்பு. ஏழை வீட்டு நாய்க்கு எல்லா தேசத்திலும் எஞ்சியதுதான்.

ஆக ஆயிரக்கணக்கான வருஷமாக, நாய்க்கும் மனிதனுக்கும் ஒரே அடுப்பு. இது நாயின் உடம்பிலேயே பதிந்துபோயிருக்கிறது. 2013-ல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்க வைக்கும் அமிலேஸ் என்கிற நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு படிதான் இருக்கிறது. நாய்க்கோ நாலிலிருந்து முப்பது வரை. நம்மோடு சேர்ந்து கஞ்சியும் ரொட்டியும் தின்றதற்கு ஏற்ப நாயின் உடம்பு மாறியிருக்கிறது. நாய் மாமிசம் மட்டுமே தின்னும் பிராணி என்று யாராவது வாதம் செய்தால் இதைச் சொல்லுங்கள்.

சரி, இந்த அடுப்பு எப்போது பிரிந்தது? கடையில் விற்கிற நாய்த்தீனிக்கு வயசு நூற்று அறுபது சொச்சம்தான். ஆரம்பித்து வைத்தவர் எங்கள் துறைக்காரர் என்பது எனக்கு ஒரு பெருமை, அல்லது வெட்கம். ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்று பெயர். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து சின்சினாட்டிக்காரர், மின்சார வேலை தெரிந்தவர். 1860 வாக்கில் இடிதாங்கி விற்பதற்காக லண்டனுக்குக் கப்பல் ஏறினார்.

அங்கே துறைமுகத்தில், கப்பல்காரர்கள் வேண்டாமென்று எறிந்த பிஸ்கட்டுகளைத் தெருநாய்கள் கடித்துத் தின்பதைப் பார்த்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. அந்தக் காலத்துக் கப்பல் பிஸ்கட் என்றால் மாவும் தண்ணீரும் மட்டும் பிசைந்து, ஈரமே இல்லாமல் சுட்டு எடுத்த ஓடு. மாசக்கணக்கில் கெடாது. மாலுமிகள் அதை மேசையில் தட்டி வண்டை உதறிவிட்டுத் தின்பார்களாம். மனிதன் வேறு வழியில்லாமல் தின்றதை நாய் ஆசையாகத் தின்கிறதே என்று ஸ்ப்ராட்டுக்கு யோசனை பிறந்தது. கோதுமை மாவு, பீட்ரூட் மாதிரிக் காய்கறி, உலர்ந்த மாட்டிறைச்சி எல்லாம் சேர்த்து ஒரு பிஸ்கட் செய்து விற்க ஆரம்பித்தார். இடிதாங்கி போன இடம் தெரியவில்லை. கிழக்கு லண்டனில் பாப்ளர் பகுதியில் அந்த நிறுவனம் கட்டிய பெரிய தொழிற்சாலை பிற்பாடு குடியிருப்புகளாகவும் கலைஞர்களின் பட்டறைகளாகவும் மாறிவிட்டது.

அந்த நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, பெரிய விற்பனையாளராக வளர்ந்தவர் சார்லஸ் க்ரஃப்ட். பிஸ்கட் விற்க ஊர் ஊராகப் போனவர், நாய் வளர்க்கிற பணக்காரர்களை எல்லாம் பழக்கம் பிடித்து, 1891-ல் லண்டன் இஸ்லிங்டனில் தன் பெயரிலேயே நாய்க் கண்காட்சி நடத்தினார். இன்றும் உலகம் முழுக்கப் பேசப்படும் க்ரஃப்ட்ஸ் கண்காட்சி அதுதான். அவர் வீட்டில் நாய் வளர்க்கவில்லை, பூனைதான் வளர்த்தார் என்று சொல்வார்கள். விற்பனை வேறு, வீடு வேறு!

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1908-ல் நியூயார்க்கில் எலும்பு வடிவத்தில் பால் சேர்த்த பிஸ்கட். 1922-ல் இல்லினாய் மாநிலத்தில் டப்பாவில் அடைத்த குதிரை இறைச்சி. மோட்டார் வண்டி வந்து குதிரைக்கு வேலை போன காலம் அது. இரண்டாம் உலகப்போரில் தகரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததும் டப்பா நின்று உலர்தீனி தலைதூக்கியது. 1950களில், மனிதர்கள் காலையில் பாலில் போட்டுத் தின்கிற பொரி மாதிரிப் பண்டத்தைச் செய்யும் இயந்திரத்தை நாய்த்தீனிக்குத் திருப்பினார்கள். என் மகள் கொண்டுவந்த மூட்டையில் இருந்த உருண்டை அந்த வழியில் வந்ததுதான். கூடவே, மேசை மிச்சத்தை நாய்க்குப் போடாதீர்கள் என்ற பிரசாரமும் வந்தது. அம்பது வருஷத்துக்குள் ஜனங்கள் நம்பிவிட்டார்கள், என் மகள் உட்பட.

இந்த இடத்தில், நான் அப்பத்தா பக்கம் சாய்ந்து தீர்ப்பு எழுதத் தயாராக இருந்தேன். அப்போதுதான் இன்னொரு கதை கிடைத்தது.

அமெரிக்காவில் மாரிஸ் ஃபிராங்க் என்று கண் தெரியாத ஒருவர். 1928-ல் சுவிட்சர்லாந்துக்குப் போய், வழிகாட்டப் பழக்கிய ஒரு அல்சேஷன் நாயோடு திரும்பினார். பட்டி என்று பெயர். கண்பார்வை இல்லாதவருக்கு நாய் வழிகாட்டும் ஏற்பாடு அமெரிக்காவில் வேரூன்றியதற்கு அவரும் அந்த நாயும்தான் காரணம். அதன் பிறகு வந்த நாய்களுக்கும் அவர் பட்டி என்றே பெயர் வைத்தார். 1939 வாக்கில் அப்படி ஒரு பட்டிக்குச் சிறுநீரகக் கோளாறு. நியூஜெர்சியில் மார்க் மாரிஸ் என்ற கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார்.

நோய்க்குச் சாப்பாடே காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர் நினைத்தார். புரதமும் உப்பும் குறைத்து ஒரு பத்திய உணவைக் கணக்குப் போட்டு எழுதினார். அதை அவரும் அவர் மனைவி லூயிசும் தங்கள் வீட்டு அடுப்படியில் சமைத்துக் கண்ணாடி ஜாடியில் அடைத்து அனுப்பினார்கள். ஃபிராங்க் ஊர் ஊராகப் போகிறவர். தபாலில் போன ஜாடிகள் உடைந்தன. கடைசியில் கையால் சுற்றித் தகர டப்பாவை மூடும் ஒரு கருவியை அவர்களுக்கு வாங்கிக் கொடுத்தார். நாய் பிழைத்தது. மற்ற மருத்துவர்களும் கேட்க ஆரம்பிக்க, வீட்டில் சமைத்து மாளவில்லை. 1948-ல் கான்சஸ் மாநிலத்து டொபீகாவில் ஒரு டப்பா உணவு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். இன்றைக்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கிற பத்தியத் தீனியின் ஆரம்பம் அந்த அடுப்படிதான்.

இதைப் படித்துவிட்டு நான் ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாள் சமைத்ததும் வீட்டுச் சாப்பாடுதான். நான் ஊற்றியதும் வீட்டுச் சாப்பாடுதான். ஆனால் அவர்கள் அந்த நாயின் உடம்புக்காகச் சமைத்தார்கள். நான் என் தட்டில் மிஞ்சியதை ஊற்றினேன். எங்கள் அப்பத்தாவின் குழிக்கல்லில் கூழும் மோரும் மட்டும்தான் விழுந்தது. வெங்காயம் அவள் வாய்க்கு மட்டும். காரணம் தெரிந்து செய்தாளோ, நாய்க்கு எதற்கு வெங்காயம் என்ற சிக்கனமோ, கேட்க இப்போது அவள் இல்லை. அவள் வழியில் போகிறேன் என்று பெருமை பேசிக்கொண்டு, அவள் செய்யாததைச் செய்திருக்கிறேன்.

மூட்டைத் தீனிக்காரர்களும் தப்பாதவர்கள் இல்லை. 2007-ல் சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்து, அமெரிக்காவில் ஏராளமான நாய், பூனைகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. அதற்குப் பிறகு அங்கே நிறையப் பேர் வீட்டிலேயே சமைக்க ஆரம்பித்தார்கள். ஆனால் 2013-ல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தார், புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்த 200 நாய்ச் சமையல் குறிப்புகளைச் சோதித்தபோது, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் ஏதாவது ஒரு அவசியச் சத்தாவது குறைவாக இருந்தது. நான் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்த மருத்துவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார்.

"முழுச் சாப்பாட்டையும் நீங்களே செய்யணும்னா ஒரு கணக்கு போட்டுத்தான் செய்யணும் சார். கால்சியம் எல்லாம் பார்க்கணும். ஆசைக்கு காலையில கொஞ்சம் பலகாரம் மாதிரி கொடுங்க. ஒரு நாள் சாப்பாட்டுல பத்துல ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்."

அதனால் மூட்டை பரணிலிருந்து இறங்கிவிட்டது. பழையது இல்லை, புதிது. காலையில் மட்டும் என் பலகாரம்.

செய்முறை கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். கேழ்வரகு மாவு ஒரு டம்ளர், கம்பு மாவு அரை டம்ளர். மஞ்சள் பூசணித் துண்டை வேகவைத்து மசித்து அரை டம்ளர். ஒரு முட்டை. தண்ணீர் தேவைப்பட்டால் தெளித்து, அடை மாவை விடக் கெட்டியாகப் பிசைந்து, எட்டணா அளவுக்குச் சின்ன வில்லைகளாகத் தட்டி, எண்ணெய் விடாமல் தோசைக்கல்லில் மூடி போட்டுச் சின்னத் தீயில் இரண்டு பக்கமும் நன்றாகக் காயும்வரை சுட வேண்டும். உப்பு வேண்டாம், சர்க்கரை வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பக்கத்திலேயே வரக்கூடாது. திராட்சை, சாக்லேட் இரண்டும் நாய்க்கு ஆகாது என்று மருத்துவர் தனியாக ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்ததைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். நன்றாக ஆறின பிறகுதான் கொடுப்பேன். மோப்பம் போய்விடுமே!

செவலைக்கு ஒரு வேளைக்கு நாலு வில்லை கணக்கு. போன வாரம் மகள் வீடியோவில் பேசியபோது இதைக் காட்டினேன். "எத்தனை கிராம் வருதுப்பா ஒண்ணு?" என்றாள். தராசில் வைத்துக் காட்டினேன். அவள் எதையோ கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "சரிப்பா, நாலு கொடுக்கலாம்" என்றாள். அதற்குள் கல்லில் இருந்தது கருகிவிட்டது. கருகினது குப்பைக்குப் போனது. அன்றைக்குச் செவலைக்கு மூன்றுதான் கிடைத்தது. நாலாவதுக்காக ஒன்பது மணி வரைக்கும் அடுப்படியை விட்டு நகரவில்லை.